ஐந்து வார்த்தைக்குள்

அலுவலகத்தில் அவளுக்குக் ‘கத்திரி அக்கா’ என்று பெயர். மென்பொருள் நிறுவனத்தில் விளம்பர வரி எழுதும் வேலை. பொறியாளர்கள் நீட்டி முழக்கி அனுப்புவதை ஐந்து வார்த்தைக்குள் அடக்கிக் கொடுப்பாள். ஆறாவது வார்த்தையைக் கண்டால் கை தானாக வெட்டிவிடும். பதினேழு வருடப் பழக்கம். வீட்டில் கணவர் கதை அளந்தால்கூட, “கடைசி வரியை மட்டும் சொல்லுங்க” என்பாள்.

அன்று மத்தியானம் தங்கை போனில் அழுதாள். அவள் ஒரு சின்ன மருத்துவமனையில் நர்ஸ். கத்திரி அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினாள்.

காலையில் தங்கை போட்ட ஊசியில் ஒரு நோயாளிக்கு முகம் வீங்கி, மூச்சு அடைத்துவிட்டது. பிழைத்துக்கொண்டார். அந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது பழைய கையெழுத்துச் சீட்டில் இருந்தது. சீட்டைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றியிருந்தார்கள். ஒவ்வாத மருந்தை எச்சரிக்க அதில் போட்டிருந்த மென்பொருளோ தட்டச்சு செய்ததை மட்டும்தான் படிக்கும். எச்சரிக்கை எதுவும் வரவில்லை. நாளைக் காலை விசாரணை. வேலை போய்விடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

“நீ அவர்கிட்ட வாயால ஒரு தடவை கேட்டிருக்கலாமேடி.”

“எப்பவும் கேப்பேன்க்கா. இந்த சாஃப்ட்வேர் வந்தப்புறம்தான் விட்டுட்டேன். உங்க கம்பெனியோடதாச்சேன்னு நம்பினேன்.”

தங்கை காட்டிய சுவரில் ஒரு சுவரொட்டி. ‘ஒவ்வாத மருந்து ஒன்றுகூட இதனிடம் தப்பாது.’

கத்திரி அக்கா சுவரொட்டிக்கு அருகில் போனாள். அவள் எழுதிய வரி. ‘தட்டச்சு செய்த குறிப்புகளில்’ என்று பொறியாளர் முன்னால் மூன்று வார்த்தை போட்டிருந்தார். விளம்பரக் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று அவள்தான் எடுத்தாள். யோசித்துக்கூட எடுக்கவில்லை. டீ குடித்துக்கொண்டே எடுத்தாள்.

தங்கையிடம் அப்போது சொல்ல வாய் வரவில்லை. வெளியே வந்து தன் மேலாளரைப் போனில் கூப்பிட்டாள். ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் எல்லாம் தெளிவாக இருக்கிறது, விளம்பரத்தை யாராவது அப்படியே நம்புவார்களா என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அதுல உங்க பேரா இருக்கு? பேசாம இருங்க.”

மறுநாள் விசாரணை அறைக்குள் அவள் கையில் ஒரு தாளோடு நுழைந்தாள். மூன்று வார்த்தைகளின் மேல் அவள் போட்ட சிவப்புக் கோடு அதில் அப்படியே இருந்தது. நீங்கள் யார் என்று தலைமை மருத்துவர் கேட்டார்.

“இவ அக்கா. இந்த மூணு வார்த்தைய வெட்டினதும் நான்தான்.”

மருத்துவர் தாளை இரண்டு முறை படித்தார். கேட்காமல் ஊசி போட்டது தப்பில்லை என்று ஆகிவிடாது என்றார். ஆனால் கையெழுத்துக்காக எடுத்து வைத்திருந்த பணிநீக்க உத்தரவைக் கோப்புக்குள் திருப்பி வைத்தார், கிழிக்கவில்லை. நடந்ததை முழுதாக எழுதித் தரச் சொல்லி அக்காவிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

அவள் எழுதினாள். ஒரு பக்கம் போதாமல் மறுபக்கமும் திருப்பினாள். நாற்காலியை அக்காவைவிட்டு அரை முழம் தள்ளிப் போட்டுக்கொண்ட தங்கை, அவள் எழுதி முடிக்கும்வரை நிமிர்ந்து பார்க்கவில்லை.