பதினெட்டுக்கு ஒன்பது

செவ்வாய்க்கிழமை காலை, பாரிசின் ரூ லூயி-பிளாங் தெருவில் நான் வேலை பார்க்கும் பயண முகவர் கடையை அப்போதுதான் திறந்திருந்தேன். தொலைபேசி அடித்தது. அருளப்பு அண்ணையின் மனைவி மேரி அக்கா. "தம்பி, அவர் போயிட்டார்" என்றார். மூன்று வாரமாக எதிர்பார்த்திருந்த செய்திதான். எதிர்பார்த்திருந்தால் வலி குறையும் என்று யார் சொன்னார்களோ தெரியாது, எனக்குக் குறையவில்லை. லண்டன் டிக்கெட் கேட்டு வந்தவரைப் பின்னேரம் வரச் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

அருளப்பு அண்ணையின் முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வரப்போகும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் அந்த நான்காம் மாடி அறையில் எங்களோடு இருந்த மூன்று பேருக்காக; அதிலும் ஞானத்துக்காக. நான்கு வருடமாக உங்களிடம் நான் மறைத்த விஷயம் ஒன்று இருக்கிறது. மறைக்கச் சொன்னவர் போய்விட்டார். இனியும் அதை நான் தனியாகச் சுமக்க முடியாது.

அண்ணைக்கு றக்பிப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிரான்சுக்கு வந்த புதிதில் அவரைத் தென்மேற்கில் ஒரு சிறு நகரத்து அகதி விடுதிக்கு அனுப்பினார்கள். அந்த ஊரின் பெயரை எழுதினாலும் நீங்கள் பிழையாகத்தான் வாசிப்பீர்கள், விடுங்கள். விடுதிக்குப் பக்கத்தில் றக்பி மைதானம். அதைப் பராமரித்தவர் றோஜே என்ற கிழவர். ஒரு நாள் வேலியில் சாய்ந்து நின்ற அண்ணையைக் கூப்பிட்டு, மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் கயிற்றின் மறு நுனியைப் பிடி என்று கையால் காட்டியிருக்கிறார். மன்னாரில் வலை இழுத்த மனிதருக்குக் கயிறு பிடிக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்? அந்தக் குளிர்காலம் முழுக்க, ஒருவருடைய மொழி மற்றவருக்குத் தெரியாமலே, இரண்டு பேரும் கோடு போட்டார்கள்.

பிறகு அண்ணை பாரிசுக்கு வந்து, கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கினார். றோஜே வாராவாரம் அந்த ஊர்ப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினார். முதலில் அண்ணை மட்டும் வாசித்தார். ஒரு வருடத்தில் அறையே வாசித்தது. யார் கையில் முதலில் கிடைக்கிறதோ அவர் உறையைக் கிழிப்பார்.

ஆவணி மாதத்தை உங்களால் மறக்க முடியுமா? பாரிசில் பாதிக் கடைகள் பூட்டு, எங்களுக்கும் வேலை குறைவு. அப்போதுதான் பத்திரிகையில் புதுப் பருவத்துக்கான அணி விபரம் வரும். அண்ணை பாயை விரித்து எட்டு உருளைக்கிழங்கையும் ஏழு வெங்காயத்தையும் பரப்புவார். முன்னால் முட்டி மோதும் எட்டுத் தடியர்கள் கிழங்கு. பின்னால் ஓடும் ஏழு பேர் வெங்காயம். மாற்று ஆட்டக்காரர் உள்ளிப்பல்லு. ஆட்டக்காரர்களின் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் தொழிலைச் சொல்லியே கூப்பிட்டோம். தபால்காரன், ரொட்டி சுடும் பாண்காரன், இறைச்சிக்கடைக்காரன். சண்டை பிடித்து முடிந்ததும் மொத்த அணியையும் நறுக்கிக் குழம்பு வைப்போம்.

நான் கிறிக்கெட் ஆள். "பந்தைப் பின்னுக்கு எறிஞ்சுகொண்டு முன்னுக்கு ஓடுறதும் ஒரு விளையாட்டோ அண்ணை?" என்று கேலி செய்திருக்கிறேன். "வாயை மூடிக்கொண்டு வெங்காயத்தை எடு" என்பார்.

அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. பத்திரிகையில் அணிக்குப் புதிதாக வந்தவர்கள் ஒரு பக்கம், விட்டுப் போனவர்கள் மறுபக்கம் போட்டிருப்பார்கள். எங்களுக்கு வந்தவர்களைப் பார்க்கத்தான் அவசரம். அண்ணை விடமாட்டார். "போன ஆக்களை முதல் வாசி. வந்தவை எப்பிடியும் வந்து நிப்பினம்" என்பார். ஒவ்வொருவனும் எங்கே போனான், ஏன் போனான் என்று கேட்டுத் தெளிந்த பிறகுதான் முதல் கிழங்கு பாயில் விழும்.

எண்பத்தைந்து ஆவணியில் சண்டை பத்தாம் இலக்கத்துக்கு. ஆட்டத்தை நடத்துகிற இடம் அது. அண்ணை முப்பத்தாறு வயதுத் தபால்காரனை விட்டுக்கொடுக்கவில்லை. நான் பக்கத்து ஊரிலிருந்து புதிதாக வந்த பாண்காரனுக்காக நின்றேன். "அவன் பச்சைப் பெடியன், மழை பெய்தால் பந்தை விட்டிடுவான்" என்றார் அண்ணை. "உங்கடை தபால்காரன் பந்தைக் கொண்டு வந்து சேர்க்க மூண்டு நாள் எடுக்கும்" என்றேன் நான். ஒரே இடத்தில் இரண்டு வெங்காயம் இரண்டு நாள் கிடந்தது. ஞானம் தன் இறைச்சிக்கடைக்காரனைத் தவிர யாரைப் பற்றியும் கவலைப்படவில்லை. இருப்பதிலேயே பெரிய கிழங்கு அவன் கையில்தான் இருந்தது.

அந்த வாரமே றோஜே கடிதம் எழுதியிருந்தார். இதுதான் தன் கடைசிப் பருவம், முதல் ஆட்டத்துக்கு வந்து கயிற்றைப் பிடி என்று. அண்ணை கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். போக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அடிக்கடி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். சனி ஞாயிறு வேலைக்கு வராவிட்டால் திங்களும் வர வேண்டாம் என்பது அவருடைய பத்ரோனின், அந்த உணவக முதலாளியின், சட்டம். வேலை போனால் விசாவைப் புதுப்பிக்கக் காட்டச் சம்பளத் துண்டும் இருக்காது. ஆகவே நாங்கள் நான்கு பேரும் அந்தப் பத்ரோனிடம் போனோம். சனி மத்தியானம், சனி இரவு, ஞாயிறு மத்தியானம், ஞாயிறு இரவு. நான்கு வேளை, நான்கு பேர். கோப்பை கழுவுப்பட்டால் சரி, கை யாருடையதாக இருந்தால் என்ன என்று அவரும் சம்மதித்தார்.

அண்ணை புறப்பட ஒரு நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை, ஞானத்தின் தமையனின் சாவுச் செய்தி வந்தது. ஊரிலிருந்து அப்போது என்ன செய்திகள் வந்தன, எப்படி வந்தன என்று உங்களுக்கு எழுதத் தேவையில்லை. அண்ணை பையை அவிழ்த்து உடுப்புகளை வெளியே எடுத்து வைத்தார். ஞானம் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நீங்கள் போங்கோ அண்ணை. ஞாயிறு இரவு என்ரை முறை. நான் கழுவுவன்." அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கவில்லை. அழவும் இல்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. ஞாயிறு இரவு சொன்னபடி போய்க் கழுவிவிட்டு வந்தான்.

திங்கள் காலை அண்ணை திரும்பி வந்தார். கதவைத் திறந்ததும் திறக்காததுமாக, "வெண்டிட்டம்! பதினெட்டுக்கு ஒன்பது!" என்று கத்தினார். என்னைப் பார்த்து, "உன்ரை பாண்காரன்தான் வெல்ல வைச்சவன், போ" என்றார். பிறகு ஞானத்துக்கு முன்னால் போய்க் குந்தினார். "உன்ரை இறைச்சிக்கடைக்காரன் இருக்கிறான் எல்லே, மூண்டு பேரை முதுகில காவிக்கொண்டு கோட்டைத் தாண்டினவன்."

ஞானம் தலையைத் தூக்கினான். "மூண்டு பேரையோ?"

"ஓம். நாலாவது ஆள் காலில தொங்கிக்கொண்டு வந்தவன்."

"பொய் சொல்லாதேங்கோ அண்ணை" என்று ஞானம் சிரித்தான். சிரித்துச் சிரித்து, அப்படியே அழத் தொடங்கினான். அண்ணை அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று அறையில் யாரும் நேரத்துக்கு வேலைக்குப் போகவில்லை.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. உறையின் மேல் வேறு கையெழுத்து. என் கையில் முதலில் கிடைத்தது, கிழித்தேன். றோஜேயின் மனைவி இரண்டு வரி எழுதி வைத்திருந்தார். றோஜே போன வாரம் இறந்துபோனார், சனிக்கிழமை அடக்கம், அண்ணை வந்து நின்றதற்கு நன்றி. உள்ளே ஆட்டத்தின் விபரம். ஒன்பதுக்குப் பதினெட்டு. தோல்வி. பாண்காரனை இறக்கவே இல்லை, தபால்காரன்தான் ஆடியிருந்தான். கடைசியில் ஒரு சிறு பந்தி: காலமான பராமரிப்பாளரின் நண்பர் ஒருவர் பாரிசிலிருந்து வந்து, அன்று காலை மைதானத்தின் கோடுகளைத் தனியாகவே போட்டார் என்று.

எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு அந்த உணவகத்தின் பின்வாசலுக்குப் போனேன். அண்ணை முழங்கை வரை நுரையோடு வந்தார். என் கையிலிருந்ததைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"ஏன் அண்ணை பொய் சொன்னனீங்கள்?"

"எண்ணில பொய் சொல்லேல்லை. பதினெட்டும் ஒன்பதும்தான். பக்கத்தை மட்டும்தான் மாத்தினனான்."

"றோஜே?"

கையைத் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். "செத்தவீட்டுக்கை இருந்து ஒருத்தன் எனக்காகக் கோப்பை கழுவினவன். அவனுக்கு இன்னொரு செத்தவீட்டையோ கொண்டு வந்து குடுக்கிறது? எங்கடை அறைக்கு ஊரிலை இருந்து வாறது காணாதோ?" என்றார். "ஒருத்தருக்கும் காட்டாதை."

நான் காட்டவில்லை. இந்த வாரம் தபால் பிந்துது என்று சொன்னேன். பிறகு வந்த உறைகளில் கையெழுத்து மாறியதைக் கேட்டவர்களுக்கு, கிழவருக்கு வயது போய்விட்டது, இப்போது மனைவிதான் எழுதுகிறார் என்று அண்ணையே சொல்லிவிட்டார். அவருக்கு இந்த நாட்டில் முதல் கிடைத்த நண்பனைப் புதைத்துவிட்டு வந்து, எங்களோடு உட்கார்ந்து வெற்றிக் குழம்பு தின்றார் அந்த மனிதர். அதைத் தெரிந்துகொண்டும் அவரோடு சண்டை பிடிக்கப் போனவன் நான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மேரி அக்காவும் மகளும் வந்து சேர்ந்த பின் அண்ணை லா கூர்னெவ்வுக்குக் குடிபோனார். அறையும் கலைந்தது. ஆனாலும் ஒவ்வொரு ஆவணியும் அவர் வீட்டில் கிழங்கும் வெங்காயமும் பரப்பினோம். இந்த ஆவணியில் மட்டும் அவருக்குக் குனிய முடியவில்லை. கதிரையிலிருந்து விரலால் காட்டினார்.

கடைசியாக அவரை மருத்துவமனையில் பார்த்தபோது, பருவத்தின் முதல் ஆட்டம் முடிந்திருந்தது. றோஜேயின் மனைவி அனுப்பிய பத்திரிகை என் சட்டைப்பைக்குள் இருந்தது. படுதோல்வி. எண்ணைச் சொல்ல விருப்பமில்லை.

"முதல் ஆட்டம் என்ன மாதிரி?" என்று கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"வெண்டிட்டம் அண்ணை."

"எத்தினைக்கு எத்தினை?"

"பதினெட்டுக்கு ஒன்பது."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "ஆர் வெல்ல வைச்சது?"

"பாண்காரன்."

பாண்காரன் அணியை விட்டுப் போய் இரண்டு வருடம். போனவர்கள் பட்டியலில் அவன் பெயரை எங்களுக்கு வாசித்துக் காட்டியவரே அண்ணைதான். என் கையைத் தேடிப் பிடித்தார். "நீ அண்டைக்கே சொன்னனீ," என்றார். "நான்தான் கேக்கேல்லை."

இரண்டு பத்திரிகைகளும் என் அலுமாரியில் இருக்கின்றன. இரண்டிலும் தோல்விதான். ஞானம், நீ வந்து கேட்டால் எடுத்துத் தருவேன். ஆனால் இறைச்சிக்கடைக்காரன் மூன்று பேரை முதுகில் காவிக்கொண்டு கோட்டைத் தாண்டியது எந்தப் பத்திரிகையிலும் இல்லை. அண்ணையிடமிருந்து எனக்கும் உனக்கும் மிஞ்சியிருப்பது அதுதான்.