அவர் கடைசியாக எடுத்த கல்யாணம்

என் கணவர் இறந்த பதினெட்டாம் நாள் வலங்கைமானிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் எல்லாரும் கிளம்பியிருந்தார்கள். கறுப்புப் புர்காவும் கையில் வாழைப்பழப் பையுமாக வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் யாரென்று சொன்னார். அவருடைய இளைய மகளின் கல்யாணம்தான் என் கணவர் கடைசியாகப் படம் எடுத்த கல்யாணம். அது முடிந்த நான்காம் நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

மன்னார்குடியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவருடைய ஸ்டுடியோ. நான் பள்ளிக்கூட ஆசிரியை. அவர் வேலைக்குள் நான் போனதில்லை. சாப்பிடக் கூப்பிடும்போது அந்த அறையின் கதவைத் தட்டுவேன், அவ்வளவுதான்.

"கேக்கவே கூச்சமா இருக்கு டீச்சர்," என்றார் அந்த அம்மாள். "பொண்ணு அடுத்த மாசம் மாப்பிள்ளையோட அவரு வேல பாக்குற ஊருக்குக் கிளம்புது. படம் இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"கார்டு கேமராவுலயே இருக்குக்கா. தஞ்சாவூர்ல ஆல்பம் போடுறவங்ககிட்ட குடுத்து முடிச்சுத் தரச் சொல்றேன்."

அவர் முகம் மாறியது. "அப்படியே தூக்கிக் குடுத்துடாதீங்க. பொம்பளைங்க பக்கத்துப் படமெல்லாம் அதுல இருக்கு. உங்க வீட்டுக்காரத் தம்பியப் பெரியவ கல்யாணத்துலேருந்து தெரியும். அதனாலதான் உள்ள விட்டோம். வேற ஆம்பளைங்க கண்ணுல பட வேணாம்."

"அப்ப நானே பாக்குறேங்க்கா," என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

கார்டை அவருடைய கம்ப்யூட்டரில் போட்டேன். ஆயிரத்து எழுநூறு சொச்சம் படங்கள் இருந்தன. முதல் இரண்டு நாள் நான் படத்தையே பார்க்கவில்லை. படத்தின் கீழே அதை எடுத்த நேரம் வரும். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று இருபது. அப்போது அவர் இருந்தார். பதினொன்று இருபத்தொன்று. அப்போதும் இருந்தார். மூன்றாம் நாள் என்னை நானே அதட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

ஆல்பத்துக்கு இருநூறு படம் போதும். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரிதான் உட்கார்ந்தேன். கண் மூடியிருந்தால் வேண்டாம். முதுகு தெரிந்தால் வேண்டாம். வெளிச்சம் அடித்துக் கண் கூசினால் வேண்டாம். எல்லாரும் நேராகப் பார்த்துச் சிரிக்கிற இருநூறு படங்களைப் பிரித்து வைத்தேன்.

சனிக்கிழமை அந்த அம்மாள் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு," என்று இரண்டு தடவை சொன்னார். அந்தக் குரலைக் கேட்டால் தெரியாதா?

"என்னக்கா, சும்மா சொல்லுங்க."

"தப்பா எடுத்துக்காதீங்க. தம்பி போட்டுக் குடுத்த ஆல்பம் மாதிரி இல்ல. பெரியவ ஆல்பத்துல நாங்க யாருமே கேமராவப் பாக்க மாட்டோம். அவ சின்னம்மா பிரியாணி சட்டிக்கிட்ட நின்னு வாசம் புடிச்சிக்கிட்டு இருப்பா. அத இப்பப் பாத்தாலும் சிரிப்பு வரும்."

எனக்குச் சுருக்கென்றது. அதே நேரம், இவருக்கு என் கணவரின் கண் தெரிந்திருக்கிறதே, எனக்குத் தெரியவில்லையே என்றும் இருந்தது. கழித்துப் போட்ட படங்களைத் திறந்தேன். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து பார்த்தோம்.

ஆண்கள் பக்கத்துப் படங்கள் வந்தன. நடுவில் யாரோ ஒருவர் கையில் ஒரு போனை உயர்த்திப் பிடித்திருந்தார். ஒன்றல்ல, வரிசையாகப் பத்தொன்பது படம். போனில் வெளிச்சம் பட்டுப் பளபளத்ததால் அத்தனையையும் நான் தள்ளியிருந்தேன்.

"நிறுத்துங்க," என்றார் அந்த அம்மாள். "பெருசு பண்ண முடியுமா?"

பெரிதாக்கினேன். போனுக்குள் ஒரு மனிதரின் முகம். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி, பின்னால் அடுக்குக் கட்டிலின் கம்பி. அது பெண்ணின் அத்தா, தன் கணவர் என்றார் அந்த அம்மாள். சவூதியில் வேலை. லீவு கிடைக்கவில்லை. அவருக்குப் பதிலாக அவர் தம்பி நின்று கையெழுத்துப் போட, அவர் போனில்தான் மகளின் நிக்காஹைப் பார்த்திருக்கிறார். பெண்கள் பக்கம் இருந்ததால் இந்த அம்மாளுக்கு அந்த நேரத்தில் கணவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முதல் சில படங்களில் அவர் வாயை இறுக்கி மூடியிருந்தார். எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ உதடு கோணியிருந்தது. அடுத்ததில் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். கடைசிப் படத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார்.

"அழுதிருக்காரு," என்றார் அந்த அம்மாள். "சந்தோஷமாப் பாத்தேன், நல்லாச் சிரிச்சேன்னு எங்கிட்டச் சொன்னாரு டீச்சர்."

நான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். அத்தனை பேர் கூடியிருந்த இடத்தில், ஒரு சின்னப் போனுக்குள் அழுத மனிதரை என் கணவர் மட்டும் விடாமல் கவனித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார். எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த அம்மாள் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார்.

படங்களை இரண்டு பேருமாக மறுபடியும் தேர்ந்தெடுத்தோம். தஞ்சாவூரில் விசாரித்ததில், வீட்டிலிருந்தபடியே ஆல்பம் வடிவமைத்துத் தரும் ஒரு பெண் கிடைத்தாள். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து முடித்துக்கொண்டு வந்தேன். பெண் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே ஆல்பம் அவள் கைக்குப் போய்விட்டது. அத்தாவின் படம் ஒரு முழுப் பக்கத்துக்கு இருந்தது.

அதற்குப் பிறகு அவருடைய ஹார்ட் டிஸ்க்குகளை மூடிவைக்க எனக்கு மனம் வரவில்லை. அவருடைய போனிலிருந்து நம்பர்களை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிடுகிறேன். பென் டிரைவோடு வருகிறார்கள். இப்போது நான் எதையும் கழிப்பதில்லை. அவர் எடுத்தது அத்தனையும் அப்படியே கொடுத்துவிடுகிறேன். சிலருடைய நம்பரே மாறிவிட்டது. சிலர் ஆல்பம்தான் இருக்கிறதே, இது எதற்கு என்கிறார்கள்.

போன மாதம் கீழ்வேளூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் பிரிந்துவிட்டாளாம். "எனக்குக் குடுக்க வேணாம்க்கா. எல்லாத்தையும் அழிச்சிடுங்க," என்றாள்.

எனக்குக் கை வரவில்லை. அவர் வெயிலில் நின்று எடுத்த படம். ஆனால் அந்த வாழ்க்கை இவளுடையது.

"நீயே அழிச்சிடும்மா," என்று கம்ப்யூட்டர் முன்னாலிருந்த நாற்காலியை அவளுக்கு விட்டேன். ஒரு படத்தைக்கூடத் திறந்து பார்க்காமல் அழித்தாள். பிறகு என்னிடம் ஒரு டீ கேட்டாள். போட்டுக் கொடுத்தேன். அவள் தங்கையின் படிப்பைப் பற்றியும், இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்ததால் அவர்கள் வயலில் நாற்று விட முடியாமல் போனதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.