நான் ஏலம் விட்ட ஊறுகாய்

ஓசூரில் பாகலூர் ரோட்டை ஒட்டி எங்கள் கிறிஸ்தவ சபை இருக்கிறது. தகரக் கூரை போட்ட ஒரு கூடம், அறுபது எழுபது குடும்பங்கள். பாதிப் பேர் கம்பெனி வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்தவர்கள். மீதிப் பேர் உள்ளூர்க்காரர்கள், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். சபைக்குள்ளேயே சின்னதாக ஓர் உதவிச் சங்கம் நடத்திவந்தோம். ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளைகள் படிப்பு என்று யாராவது வந்து நின்றால் கொடுப்பதற்கு. பிரியாணிப் பொட்டலம் விற்றுப் பார்த்தோம். பழைய துணி விற்பனை வைத்தோம். எதிலும் பெரிதாகச் சேராது. வருடத்தில் ஒரு நாள், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையன்று நடக்கும் ஏலத்தில்தான் சேரும். பூசணிக்காய், சேவல், முறுக்கு டப்பா, ராகி மூட்டை என்று வீட்டுக்கு வீடு எதையாவது கொண்டுவந்து பலிபீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஐம்பது ரூபாய் பூசணிக்காயை யாராவது ஆயிரத்துக்கு எடுப்பார்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து, "மறுபடியும் விடுங்க" என்பார்கள். அதுதான் வழக்கம்.

ஏலம் விட்டவள் நான். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். எனக்கு முன்னால் ஏலம் விட்ட பெரியவர் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டதால் அந்த வேலை என்னிடம் வந்தது. முதல் வருடமே ஒன்று புரிந்தது. இரக்கத்தில் ஜனங்கள் கொடுப்பது கொஞ்சம். சிரிக்கும்போது கூடக் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரன் முன்னால் வெட்கப்பட வைத்தால் இன்னும் கூடக் கொடுப்பார்கள். தூணுக்குப் பின்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பவரைக் கைநீட்டிக் காட்டி, புது வீடு கட்டியவருக்கு இருநூறு ரூபாய்க்கு வாய் வரவில்லையா என்று கேட்பேன். அவர் மனைவி தலையைக் குனிந்துகொள்வாள். அவர் ஐந்நூறு என்பார். டீச்சர் வாய்க்குத்தான் காசு விழுகிறது என்று சபையில் பேசிக்கொண்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருடம் ஏலத்துக்கு இரண்டு மாதம் முன்னால் எங்கள் சபைப் பையன் ஒருவனுக்கு, பையன் என்றால் முப்பதை நெருங்கியவன், பிரஸ் மெஷினில் வலது கை போயிற்று. மணிக்கட்டுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். ராமநாதபுரம் பக்கத்துக்காரன். கல்யாணமாகி இரண்டு வருடம். கான்ட்ராக்டில் வேலை பார்த்ததால், கம்பெனிக்காரன் கான்ட்ராக்டரைக் கைகாட்டினான், கான்ட்ராக்டர் கொஞ்சம் கொடுத்துவிட்டு போனை எடுக்காமல் இருந்தான். அவனுக்கு ஒரு பெட்டிக்கடை வைத்துக் கொடுக்கலாம், அந்த வருட ஏலப் பணம் முழுக்க அதற்கே என்று சங்கத்தில் முடிவு செய்தோம்.

அப்போது நான் சொன்ன மூன்று விஷயங்களை எழுதியாக வேண்டும். கூட்டத்தில், அவன் முதல் வரிசையில் உட்கார வேண்டும், பார்த்தால்தான் கொடுப்பார்கள் என்றேன். யாரும் மறுக்கவில்லை. பிறகு அவன் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, அவனுக்கு அரைக்கைச் சட்டை போட்டுக் கூட்டிவரச் சொன்னேன். விபத்துக்குப் பிறகு அவன் முழுக்கைச் சட்டைதான் போடுவான், சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்திக்கொள்வான். அவள் என்னைப் பார்த்துவிட்டு, சரி டீச்சர் என்றாள். வெறுமனே வாங்கிக்கொள்கிறவர்களாக இருக்கக் கூடாது, நீங்களும் ஏலத்துக்கு ஏதாவது கொண்டுவாருங்கள் என்றும் சொன்னேன். அதற்கும் சரி என்றாள்.

பண்டிகையன்று ஒரு கண்ணாடி பாட்டில் நிறைய எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்தாள். பொருளை என்னிடம் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பழம் பூராவும் அவுகளே வெட்டுனது டீச்சர். இடது கையால. அத மட்டும் எல்லாருக்கும் சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன். அவன் முதல் வரிசையில், நீலநிற அரைக்கைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது. சின்னப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடின.

அன்று ஏலம் சூடு பிடிக்கவில்லை. அவனைப் பார்த்ததும் எல்லோரும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார்கள். சேவல் முந்நூறுக்குப் போயிற்று. ராகி மூட்டை அதன் விலைக்கே போயிற்று. சங்கச் செயலாளர் ஓரமாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கையில் ஊறுகாய் பாட்டிலை எடுத்தேன். அந்தச் சொல் என் வாய்க்கு வந்த நொடி எனக்குத் தெரியும், இதைச் சொல்லக் கூடாது என்று. நல்ல சிலேடை என்பதும் தெரிந்தது.

"இது ரெண்டு கையால போட்ட ஊறுகா இல்லீங்க. நம்ம தம்பி ஒத்தக் கையால போட்டது. யாரு ஒரு கை பாக்கறீங்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், கூடம் முழுக்கச் சிரித்தது. அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வெளியே வந்த மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு. சூளகிரியில் நிலம் விற்றுப் பணம் வந்த ஒருவர் ஆயிரம் என்றார். ஹார்டுவேர் கடைக்காரர் இரண்டாயிரம் என்றார். எடுத்தவர் திருப்பிக் கொடுத்தார். நான் விடவில்லை. பாட்டில் கை மாறுகிறது, கை மாறுகிறது என்று கூவினேன். ஒரு கை குறைகிறது, இன்னொரு கை கொடுங்கள் என்றேன். ஒவ்வொன்றுக்கும் சிரித்தார்கள், ஒவ்வொரு சிரிப்புக்கும் விலை ஏறியது. ஏழு தடவை அந்த பாட்டிலை விற்றேன். பழம் பூராவையும் அவனே இடது கையால் வெட்டினான் என்பதை, வேடிக்கையாக இல்லாமல் ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை.

முதல் சிரிப்பில் எல்லோரும் அவன் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவனும் சிரித்தான். மற்றவர்களைவிடச் சற்றுப் பிந்திச் சிரித்தான். பிறகு இடது உள்ளங்கையால் வலது கையின் முனையை மூடிக்கொண்டான். ஏழாவது தடவை வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழக்கத்தைவிட மூன்று பங்கு சேர்ந்தது. போதகர் மேடையில் ஜெபித்துவிட்டுக் கவரை அவனிடம் கொடுத்தார். போட்டோ எடுத்தவர் கை தெரியவில்லை என்றார். கொஞ்சம் தூக்கிப் பிடி தம்பி என்று சொன்னதும் நான்தான்.

ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் கடை வைத்தான். பால், பிஸ்கட், சோப்பு, வாழைப்பழம். நன்றாகவே வைத்திருந்தான். ஆனால் ஏலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அவனுக்கு முன்பே அங்கே போயிருந்தது. சபைக்காரர்கள் வண்டியை நிறுத்தி, என்னப்பா ஒத்தக்கை ஊறுகா, வியாபாரம் எப்படி என்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். ஷிப்டு முடிந்து வரும் கம்பெனிப் பையன்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கடைக்குள் வந்து டப்பாக்களைத் திறந்து பார்த்து, நாம் வைத்துக் கொடுத்த கடைதானே என்று சொல்லிக்கொண்டே கடலை மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிற ஆட்களும் இருந்தார்கள். அவன் ஒரு செல்போன் வாங்கியதற்கு, ஏலப் பணமா என்று சங்கத்தில் ஒருவர் கேட்டார். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். டீயைக் குடித்து முடித்தேன்.

அடுத்த பண்டிகை நெருங்கும்போது, சங்கம் என்னை அவனிடம் அனுப்பியது. மேடையில் வந்து, உதவி எப்படிப் பயன்பட்டது என்று இரண்டு வார்த்தை சாட்சி சொல்ல வேண்டும். அப்படி ஒருவர் சொன்னால் ஏலம் நன்றாகப் போகும்.

அவன் எழுந்து நின்றான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"வர்றேன் டீச்சர். நீங்க கூப்பிட்டா வரணும்ல" என்றான்.

உள்ளேயிருந்து அவள் வந்தாள். மாசமாக இருந்தாள். அவனை அரிசி மூட்டையைப் பார்க்கச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு என் பக்கத்தில் நின்றாள். குரல் உயரவே இல்லை.

"அந்தப் பழத்த மூணு நாளா வெட்டுனாக டீச்சர். இருக்கிற கையிலயும் ரெண்டு தடவ வெட்டிக்கிட்டாக. வேல செய்வான்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா யாராச்சும் வேல குடுப்பாகன்னு சொன்னாக. நீங்க சொல்லுவீக, சொல்லுவீகன்னு காதக் குடுத்துக்கிட்டே உக்காந்திருந்தாக."

மன்னித்துவிடு என்று சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்க நிற்கவில்லை. வாடிக்கையாளர் ஒருவருக்குப் பால் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டாள். அவர்கள் பண்டிகைக்கு வரவில்லை. பிரசவத்துக்கு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை என்றும், அவனும் கடையை யாருக்கோ விட்டுவிட்டுப் போய்விட்டான் என்றும் கேள்விப்பட்டேன். நன்றியில்லாதவன் என்று சபையில் சிலர் சொன்னார்கள். அவன் கவர் வாங்கிய போட்டோ மட்டும் சங்கத்து வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு வருடமும் வந்தது.

அவர்கள் வராத அந்தப் பண்டிகையில், இனி யாரையும் வைத்துச் சிரிப்பதில்லை என்று தீர்மானித்துத்தான் மேடை ஏறினேன். அந்த வருடம் செக்யூரிட்டி வேலை பார்க்கும் ஒருவரின் மகளுக்கு முதுகெலும்பு ஆபரேஷன். பொருளின் பெயரைச் சொன்னேன், விலை கேட்டேன், நன்றி சொன்னேன். பாதிப் பொருள் முடிவதற்குள் ஜனங்கள் கைக்கடிகாரம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். சிலர் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்தார்கள். பூசணிக்காயை நாற்பது ரூபாய்க்குக் கேட்டார்கள். செயலாளர் மேடை ஓரத்துக்கு வந்து, உடம்பு சரியில்லையா டீச்சர் என்று கேட்டார். முதல் வரிசையில் அந்தப் பெண்ணின் அப்பா யூனிபார்ம் சட்டையில் உட்கார்ந்து, நான் சொல்லும் ஒவ்வொரு தொகையையும் உதட்டை அசைத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்கு அது எந்த மூலைக்கும் காணாது என்பது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

பூசணிக்காயைத் தூக்கினேன். கூட்டத்தில் கண்ணை ஓட்டினேன். மூன்றாவது வரிசையில் தைராய்டால் உடம்பு பெருத்துப்போன ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் கணவர், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்தார். நல்ல சம்பளம்.

"அண்ணே, ஒண்ணு ஏற்கனவே வீட்டுல இருக்குன்னு சும்மா உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

கூடம் சிரித்தது. அந்த அக்கா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். அவர் கணவர் இரண்டாயிரம் என்றார். பந்திக்கு எழுந்தவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.