ஆக்ஸிலைத் தொட்ட கை

போன வாரம் ஒரு மனிதர் எங்களை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார். அதுவும் எவ்வளவு மரியாதையாக!

கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் நண்பர் சின்னச்சாமியின் மகனுக்குச் சேலத்தில் பெண் முடிவாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் நிச்சயம் என்றால் பெண் வீட்டில் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வது. அது முடிந்தால்தான் பேச்சு உறுதி. பையனுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் கூடிவந்து கலைந்திருந்தது... இதுவும் போய்விடக் கூடாதே என்று மனிதர் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பதினொன்றரைக்குள் நல்ல நேரம். காலை ரயிலில் தட்டு, பழம், பூவோடு நாற்பது பேர் ஏறினோம்.

ஈரோட்டில் வண்டி நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

நீலச் சட்டைக்காரர் ஒருவர் பெட்டிக்குள் வந்தார். வண்டி நிற்கும்போதெல்லாம் சக்கரங்களைக் குனிந்து பரிசோதிப்பவர். "இந்தப் பெட்டியில ஆக்ஸில் சூடாயிருக்குதுங்க. பெட்டியவே கழட்டி உடோணுங்க. சித்த எல்லாரும் எறங்கிக்கறீங்களா?"

காபி சாப்பிடுகிறீர்களா என்பது போலக் கேட்டால் நாங்கள் என்ன செய்வோம்? "இல்லீங்க, பரவால்லீங்க" என்றார் சின்னச்சாமி. "நாங்க இப்படியே போய்க்கறமுங்க."

நாற்பது பேரும் தலையாட்டினோம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவர் மறுபடி கேட்டார், இவர் மறுபடி வேண்டாம் என்றார். குரலே உயராமல் ஒரு சண்டை!

கடைசியில் சின்னச்சாமி கெஞ்ச ஆரம்பித்துவிட்டார். சேலம் ஒரு மணி நேரம்தானே, மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், பையன் வாழ்க்கை... கேட்க எனக்கே தாங்கவில்லை. அந்த மனிதர் வாதாடவில்லை. நீங்களே வந்து தொட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அவரும் நானும் மட்டும் இறங்கினோம். சக்கரத்தை ஒட்டி, அச்சின் முனையில் ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள்தான் பேரிங். கிரீஸ் தீய்ந்த வாடை. சின்னச்சாமி புறங்கையைக் கொண்டுபோனார் — வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

தறிக்காரருக்கு பேரிங் சூட்டைப் பற்றி யாராவது பாடம் எடுக்க வேண்டுமா? தினமும் காலையில் மோட்டாரை, பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போலத் தொட்டுப் பார்க்கிறவர். "தறியா இருந்தா அப்பவே நிறுத்தியிருப்பனுங்க" என்றார் மெதுவாக. அப்புறம் பெட்டிக்குள் ஏறி ஒரே அதட்டல். அந்த மரியாதையெல்லாம் எங்கே போனதோ! இரண்டே நிமிடத்தில் எல்லோரும் தட்டோடு பிளாட்பாரத்தில்.

அடுத்து எஸ்.டி.டி. பூத். பெண்ணின் அப்பா சேலத்தில் அரிசி மில் வைத்திருப்பவர். ஆக்ஸில் சூட்டைச் சொல்லி, நல்ல நேரத்துக்குள் வர முடியாது என்றார் சின்னச்சாமி. ரிசீவரில் நானும் காதை வைத்தேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே கேள்வி... கை வைத்துப் பார்த்தீர்களா? வைத்தேன், தாங்கவில்லை என்றார் இவர்.

"அப்பறம் என்னங்க யோசனை? வேற பெட்டியில ஏறி வாங்க. நாலரைக்கு மேல நல்ல நேரம் இருக்குது."

சின்னச்சாமி பூத்துக்குள்ளேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வண்டி கிளம்பும்வரை நீலச் சட்டைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பேரிங்கெல்லாம் முன்னைவிட நன்றாக வருகிறதாம். தண்டவாள ஓரத்திலேயே நின்று சூட்டைக் கண்டுபிடிக்கும் மெஷின்கூட வரப்போகிறதாம். வரட்டும், சந்தோஷம். ஆனால் தட்டோடு நின்று கெஞ்சும் மாப்பிள்ளையின் அப்பாவிடம் முடியாது என்று சொல்ல ஒரு மெஷின்... அதை யார் டிசைன் செய்வது?

சாயங்காலம் உப்பும் சர்க்கரையும் மாறின. கல்யாணமும் சேலத்தில்தான். இந்த முறையாவது பஸ் பிடிப்போமா என்று கேட்டேன்.

"எதுக்குங்க?" என்றார் சின்னச்சாமி. "பஸ்ஸுக்கு அடியில குனிஞ்சு பாக்க ஆரு இருக்கறாங்க?"