திருநீறும் கண்ணாடிப் பூச்சும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்கள் தள்ளிப்போட்டுவிட்டேன். சாமி காரியம் கலந்தது. நான் படித்ததும் எட்டாம் வகுப்புதான். தப்பாக எழுதிவிடக் கூடாதே என்ற பயம்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அம்பாசமுத்திரத்தில் பிள்ளைகளை ஏற்றி, பாபநாசம் போய்க் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். புது மூக்குக் கண்ணாடி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, எதிரே வருகிற வண்டிகளின் வெளிச்சம் பூப்பூவாக விரிகிறது என்றார். மழைக்காலத்தில் அது கூடிப்போயிற்று. கண்ணில் புரை என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் பேச்சை மாற்றுவார். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து சொன்னார்:

"ஏட்டி, இந்த மாசத்தோட வண்டி ஓட்டுதத விட்டுருதேன். ஊரான் பிள்ளையள வச்சுக்கிட்டு விளையாடக் கூடாது."

அவருக்கு வேறு தொழில் தெரியாது.

கண்ணாடியின் கால் ஆடுகிறது, முடுக்கிக்கொண்டு வருவோம் என்று சொல்லிக் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் திருகாணியை முடுக்கிவிட்டு, கண்ணாடியை டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இத எத வச்சுத் தொடைக்கீய?"

"நெத்தியில பூசுன பொறவு விரல்ல திருநீறு மிச்சம் இருக்குமில்லா, அத வச்சுதான். குத்துவிளக்கு மாதிரி பளிச்சுனு ஆயிரும்."

கடைக்காரர் நெற்றியிலும் பட்டை இருந்தது. "நல்லாத் தேச்சிருக்கீய. ஆனா இது பித்தளை இல்லையே அண்ணாச்சி" என்றார்.

வெளிச்சம் கூசாமல் இருக்கக் கண்ணாடியின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்குமாம். சாம்பல் எவ்வளவு நைஸாக இருந்தாலும் அதைக் கீறிவிடுமாம். அந்தக் கீறலில் பட்டுத்தான் வெளிச்சம் சிதறுகிறது என்றார். எதற்கும் டாக்டரிடம் கண்ணைக் காட்டிவிடச் சொன்னார். இந்தத் தடவை இவர் மறுக்காமல் வந்தார். புரை இல்லை.

கண்ணாடி மாற்றினோம். வேன் ஓடுகிறது. இப்போது திருநீறு பூசிக் கையைக் கழுவிய பிறகுதான் கண்ணாடியை எடுக்கிறார். அதைத் தண்ணீரில் அலசி, கடையில் கொடுத்த துணியால் பைய ஒற்றி எடுக்கிறார்.

இந்தப் பழக்கம் உள்ளவர்கள் உங்கள் பக்கமும் இருப்பார்கள், அவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் திருநீறு கண்ணைக் கெடுத்தது என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். கெட்டது பூச்சுதான், கண் இல்லை. இதை அப்படியே சொல்லுங்கள்.