ஷுப்ராவில் இல்லாத நாரத்தை

1979இல் கெய்ரோவை விட்டுப் போனபோது லுத்ஃபிக்கு இருபத்தாறு வயது. பாக்தாதில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் என்று போனவர் இருபத்தேழு வருடம் இருந்துவிட்டார். அங்கே காப்பிக்கடையில் அவருக்குப் பெயரே கிடையாது, ‘எகிப்துக்காரர்’தான். விடுமுறை நாளெல்லாம் தான் பிறந்த கெய்ரோ ஷுப்ராத் தெருவைப் பற்றிக் கதை எழுதினார். சில கெய்ரோப் பத்திரிகைகளில் வந்தன. போரில் அச்சகம் எரிந்த பிறகு ஊர் திரும்பி, அக்கா இன்சாஃபின் வீட்டில் தங்கினார்.

முதல் வாரமே காய்க்கடைக்காரன் கேட்டான்: “எந்த ஊருண்ணே? ஈராக்கா?”

“இதே தெருதாம்பா.”

“பேச்சக் கேட்டா அப்படித் தெரியலையே. வெளாடாதீங்கண்ணே.”

கதைகளைப் புத்தகமாகப் போட ஒரு சின்னப் பதிப்பகம் முன்வந்தது. அச்சுக்குப் போகுமுன் தாள்களை அக்காதான் முதலில் படித்தாள்.

“ஏண்டா, வாசல்ல நாரத்தை மரம்னு எழுதிருக்கியே, எந்த வாசல்ல?”

“நம்ம வாசல்லதான்க்கா. அம்மா அதுலதானே துணி காயப் போடுவாங்க.”

“நல்லாருக்கு! அம்மா பால்கனில கொடி கட்டிப் போட்டா. வாசல்ல நின்னது கரண்டுக் கம்பம். மரமாவது மட்டையாவது.”

லுத்ஃபி அந்தத் தாளை மறுபடி எடுத்துப் படித்தார். பாக்தாதில் அவர் குடியிருந்த வீட்டு முற்றத்தில் ஒரு நாரத்தை நின்றது உண்மை. ஆனால் அவர் நினைப்பில் அம்மா நிற்பது அதன் அடியில்தான். அம்மாவோ பாக்தாத் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

தெருமுனையில் ஐம்பது வருடமாக இஸ்திரி போடும் ஜக்கரியாவிடம் போய்க் கேட்டார்.

“மரம் இல்லாமலா? பூ உதிர்ந்து கெடக்குமே!”

லுத்ஃபிக்கு உயிர் வந்தது. “எப்ப வெட்டினாங்க?”

ஜக்கரியா பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “வெட்டினத நான் பாக்கலியே... இருங்க. பத்திரிகைல உங்க கதையப் படிச்சேன்ல, அதுல வந்த மரமோ? போங்க சார், என்னையும் கொழப்பி விட்டுட்டீங்க.”

மறுநாள் பதிப்பகத்து மெர்வத் போனில் கூப்பிட்டாள். “இன்னிக்கு அச்சுக்குப் போகுது சார். எதாவது மாத்தணுமா?”

கதையில் மரத்தை அடித்துவிட்டால் அம்மாவும் போய்விடுவாள். தெருவின் பெயரை அடித்தால், இருபத்தேழு வருடம் ஏங்கியது எந்தத் தெருவுக்கு?

“அப்படியே இருக்கட்டும்மா” என்றார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

புத்தகம் வந்தது. கெய்ரோ நாளிதழ் ஒன்று ‘ஈராக்கின் மணம்’ என்று எழுதியது. பாக்தாதிலிருந்து பழைய அச்சக நண்பன், ‘எகிப்தியனால்தான் இப்படி எழுத முடியும்’ என்று கடிதம் போட்டான். இரண்டையும் அக்காவிடம் வாசித்துக் காட்டினார்.

“இதுல நான் யாருக்கா?”

“எனக்கென்னடா தெரியும்? பேசும்போது அவங்காளு, கோவப்படும்போது நம்மாளு.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

லுத்ஃபிக்குக் கோபம்தான் வந்தது. அதை எந்த ஊர்ப் பேச்சில் காட்டுவதென்று தெரியாமல், மொலோகியாக் கீரையில் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டார்.