எஞ்சின் பெட்டியின் சூடு

பிள்ளைகளே, எனக்கு இடுப்பில் நாரி நோ வந்தால் உங்கள் அம்மா உப்பை வறுத்து, துணியில் முடிந்து ஒத்தடம் தருவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒருமுறை ஒரு மோட்டர் வள்ளம் எனக்கு ஒத்தடம் தந்தது. அதைச் சொல்லவேண்டும்.

கலியாணமாகி இரண்டாம் வருடம். தலைப்பிள்ளைப் பேறுக்காக அம்மா யாழ்ப்பாணத்தில் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். நான் நெடுந்தீவில் நின்று, மாடு தள்ளிவிழுத்திய மதில் கற்களைத் தூக்கி அடுக்கினேன். ஒரு கல்லோடு நாரி பிடித்துக்கொண்டது. நிமிர ஏலவில்லை.

மறுநாள் காலை தந்தி வந்தது. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், வயிற்றில் வெட்டித்தான் பிள்ளையை எடுக்கவேண்டி வருமாம், உடனே வரட்டாம். பக்கத்து வீட்டு அண்ணை என்னை மூட்டைபோல வண்டியில் ஏற்றித் துறையில் இறக்கிவிட்டார்.

வள்ளம் வெளிக்கிட்டதும் அலை தூக்கித் தூக்கிப் போட்டது. பலகையில் இருந்த எனக்கு ஒவ்வொரு அடிக்கும் உயிர் போய் வந்தது. கரையில் இறங்கி, பஸ் ஏறி, ஆஸ்பத்திரிக்கு நடப்பேன் என்ற நம்பிக்கையே விட்டுப்போயிற்று.

எஞ்சினை மூடிய மரப்பெட்டியில் முதுகு சாய்த்து, மடியில் முட்டைக் கூடையோடு ஓர் அக்கா இருந்தார். நல்ல வாய்க்காரி.

"என்ன தம்பி, புது மாப்பிள்ளை மாதிரி நெளியிறீர்?"

"நாரி பிடிச்சிட்டுது அக்கா. பெண்சாதி பிள்ளைப்பேத்துக்கு ஆஸ்பத்திரியிலை. போகாமலும் ஏலாது."

சிரிப்பை விட்டு எழும்பினார். "இஞ்சை வாரும். இதிலை நாரியை வையும்."

"ஐயோ, நீங்கள் இருங்கோ."

"பவுசு காட்டாதையும். உமக்காக இல்லை, அந்தப் பிள்ளைத்தாச்சிக்காக எழும்புறன்."

எஞ்சின் ஓட்டுகிறவர் ஒரு சாக்கை நாலாக மடித்துப் பெட்டியில் வைத்தார். "வெறும் மேலோடை சாய்ஞ்சால் அவிஞ்சுபோவீர். சுட்டால் உடனை விலகும்."

சாக்கினூடாக இளஞ்சூடு மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. இறுகிக் கிடந்த சதை இளகியது. நடுக்கடல் தாண்டியபோது மூச்சை முழுதாக இழுத்துவிட்டேன். கரை தெரிந்தபோது காலை நீட்டி இருந்தேன்.

இறங்குகையில் என்னை ஒருவரும் பிடிக்கத் தேவைப்படவில்லை. எனக்கு முன்னால் அந்த அக்கா ஒரு கையால் கூடையையும் மறுகையால் தன் நாரியையும் பிடித்தபடி, கூனிக் கூனி இறங்கினார். எஞ்சின்காரர் சொன்னார்: "அவவுக்கும் எத்தினை வருசமா நாரி நோ. அந்தப் பெட்டியடிக்காகத்தான் முதல் ஆளா வந்து ஏறுறவ."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூடையை வாங்கப் போனேன்.

"விடும், முட்டை உடையும். ஓடிப்போய் பஸ்ஸைப் பிடியும்!" என்று கலைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் வெட்டிப் பிள்ளையை எடுக்கச் சம்மதம் என்று கையொப்பம் கேட்டார்கள். நின்றபடியே போட்டேன். அம்மாவைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனபோது கதவடி வரை பக்கத்தில் நடந்தேன். "வந்திட்டியளே?" என்று கேட்டுக் கையைப் பிடித்தார்.

மூத்தவளே, பின்னேரம் நீ பிறந்தாய். தாதி நீட்டியபோது குனிந்து உன்னை வாங்கினேன். பெயர் தெரியாத அந்த அக்காவை மனதுக்குள் கும்பிட்டேன்.